பால் கணக்கு நோட்டில் எட்டு எண்கள்

அம்மாவின் பால் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் மட்டும் என் கையெழுத்தில் இருக்கிறது. 6.8, 5.9, 5.1, 7.2, 6.0, 4.3, 2.9, 1.7. அம்மாவின் ரத்தத்தில் இருந்த லாக்டேட்டின் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம். போன மார்கழியில் வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து எழுதியது. வேறு காகிதம் இல்லை. ஊரிலிருந்து கிளம்பிய அவசரத்தில் ஆதார் அட்டையைத் தேடி எடுத்துக் கட்டைப்பையில் போட்டபோது இந்த நோட்டும் கூடவே வந்துவிட்டது. எட்டு எண்களில் நான்காவதாக இருக்கும் 7.2 இன்னமும் என்னை விடவில்லை. அதை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் பின்புறமும் அந்தக் கீறல் தெரிகிறது.

எங்களுக்குக் குடியாத்தம் பக்கம் ஊர். அம்மா தினமும் மாட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைக்குப் போவார். மழை விட்டபின் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. ஐந்து நாள் காய்ச்சல். மாத்திரை போட்டால் விடும், சாயங்காலம் மறுபடி வரும். ஆறாவது நாள் காலையில் பேச்சு குழறியது, மூச்சு வாங்கியது. 108-க்குச் சொல்லி, பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போது ஆம்புலன்ஸில் இருந்தவர் பி.பி. பார்த்துவிட்டு டிரைவரிடம் ஏதோ சொன்னார், வண்டி வேகமெடுத்தது. மருத்துவமனையில் முதலில் பார்த்தபோது பி.பி. 70/40. உடை மாற்றிய சிஸ்டர்தான் கண்டுபிடித்தார்: இடுப்பில் புடவையை இறுக்கிக் கட்டும் இடத்தில், ஊதுவத்தி நெருப்புப் பட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியோ அரிப்போ இல்லாததால் அம்மாவுக்கு அது இருப்பதே தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. எங்கள் பக்கத்து டாக்டர்களுக்கு இது புதிதல்ல. இந்த நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் ஏழாம் நாளில் சிக்கல்கள் குறைவாக இருக்கின்றன என்று 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வை முன்னின்று நடத்தியதே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிதான். அம்மாவுக்கும் அந்த இரண்டு மருந்தையும் சேர்த்தே ஏற்றினார்கள்.

ஆனால் மருந்து கிருமியைப் பிடிப்பதற்குள் உடம்பு தாங்க வேண்டுமே. தண்ணீர் ஏற்றியும் பி.பி. நிற்கவில்லை. பி.பி.யைத் தூக்கிப் பிடிக்கும் நார் அட்ரினலின் என்ற மருந்து பம்ப்பில் ஓடியது. "செப்டிக் ஷாக்" என்றார் டூட்டி டாக்டர். கிருமித் தொற்றில் உடம்பு நிலைகுலைவது செப்சிஸ், அது முற்றி ரத்த ஓட்டமே சரிவது இது. அப்புறம், "லாக்டேட் 6.8 இருக்கு. 2-க்குக் கீழ வரணும்." அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்கு அம்மா என்றால் அந்த எண்தான்.

வாசலில் இருந்த எல்லாருக்கும் அப்படித்தான். எனக்குப் பக்கத்தில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. இரண்டாம் நாள் காலையில் அந்த அம்மாள் என்னைப் பார்த்து "லாக்டேட்" என்று சொல்லி ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். இறங்கிவிட்டதாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கழிவு என்று சொல்லிக்கொடுத்தவள்

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பதினாறு வருடமாக லாக்டிக் அமிலத்தைப் பற்றி வகுப்பில் சொல்லிவருகிறேன். அந்த அமிலம் ஹைட்ரஜன் அயனியை விட்டுப் பிரிந்து நிற்கும் வடிவம்தான் லாக்டேட். 1780-ல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார், அதனால் அந்தப் பெயர். வேகமாக ஓடினால் தசைக்கு ஆக்சிஜன் போதாது, குளுக்கோஸ் பாதியில் உடைந்து லாக்டிக் அமிலமாகத் தேங்கும், அது கழிவு, அதனால்தான் கால் வலிக்கிறது. இப்படித்தான் சொல்வேன். பிள்ளைகளும் எழுதுவார்கள், நானும் மதிப்பெண் போடுவேன்.

ஆக, ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடிய படம் இதுதான்: அம்மாவின் உடம்பு முழுக்கக் கழிவு நிரம்பிக் கிடக்கிறது, அதை யாராவது வெளியே இறைக்க வேண்டும். சிஸ்டர்கள் "கிளியர் ஆகுதா பார்ப்போம்" என்று பேசிக்கொண்டதும் அந்தப் படத்துக்கு ஒத்துப்போனது. முதல் ஆறு மணி நேரத்தில் 6.8 என்பது 5.9 ஆனபோது நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். 13 சதவீதம். தம்பி போனில் தேடிப் படித்துவிட்டு வந்தான்: 2004-ல் ஒரு அமெரிக்க ஆய்வு, முதல் 6 மணி நேரத்தில் 10 சதவீதமாவது இறங்கியவர்கள் அதிகம் பிழைத்திருக்கிறார்கள். "நமக்குப் பதிமூணுக்கா" என்றான். பரீட்சையில் பாஸ் ஆனதுபோல அன்று சாயங்காலம்தான் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

இரவு பத்து மணி வாக்கில் பி.பி. மறுபடி சரிந்தது. நார் அட்ரினலின் மட்டும் போதவில்லை என்று அட்ரினலினும் சேர்த்தார்கள். ஒரு மணிக்கு எடுத்த ரத்தத்தில் 7.2. வந்த அன்றைக்கு இருந்ததைவிட அதிகம்.

"இன்னாக்கா, ஏறிடுச்சா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நோட்டை அவனிடம் நீட்டினேன்.

விரல் நுனி

அந்த நேரத்தில் பணியில் இருந்தவர் ஒரு இளம் டாக்டர். என் மாணவிகள் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருப்பார். நான் ஆசிரியை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ரெண்டு நிமிஷம் உள்ள வாங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிவிட்டுப் போனேன்.

அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து அழுத்தினார். எங்கள் பள்ளி லேபில் மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற அதே ஸ்லைடு. அதன் வழியே விரல் வெளுப்பது தெரிந்தது. பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தார். "இப்ப நீங்க எண்ணுங்க, டீச்சர்." வெளுத்த வட்டம் அப்படியே இருந்தது. ஒன்று, இரண்டு. ஓரத்திலிருந்து மெல்லச் சிவப்பு ஊர்ந்து வந்தது. மூன்று. நிரம்பிவிட்டது.

"காலையில இதுக்கு ஏழு செகண்ட் ஆச்சு" என்றார். பிறகு போர்வையை விலக்கி முழங்காலைக் காட்டினார். காலையில் வந்தபோது தொடை வரை ஊதா நிறத்தில் வலைபோலப் படர்ந்திருந்தது. இப்போது முட்டியைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மிச்சம். கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை. காலையில் அது கிட்டத்தட்ட காலி. இப்போது கோட்டுக்கு மேலே மஞ்சளாக நின்றது.

"அட்ரினலின் குடுத்தா லாக்டேட் ஏறும். அந்த மருந்தோட வேலையே அது. வேற காரணத்தாலயும் ஏறலாம், அதனால வயித்தைப் பார்த்துட்டேன், லிவர் டெஸ்ட் மறுபடி அனுப்பியிருக்கேன். ஆனா ஆளைப் பார்த்தா நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை. நம்பரை மட்டும் பார்த்துப் பயப்படாதீங்க. உண்டாகறதும் தீர்றதும் ரெண்டும் சேர்ந்துதான் அந்த நம்பர்."

கடைசி வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் அப்பா இருந்தவரை தினம் காலையில் ஏரி மதகுக்குப் போய்த் தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டு வருவார். மட்டம் ஏறியிருக்கிறது என்றால் மட்டும் சும்மா இருக்கமாட்டார். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்ததா, இல்லை மதகில் குப்பை அடைத்துக்கொண்டதா என்று இரண்டையும் நடந்து போய்ப் பார்ப்பார். மட்டம் ஒன்றுதான். அது ஏறக் காரணம் இரண்டு. ஒரு கால்வாயிலும் இறங்கிப் பார்க்காமல், நான் காலையிலிருந்து மட்டக்கல்லையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வரத்தும் மதகும்

அம்மா வீட்டுக்கு வந்தபிறகு, தை மாதம் முழுக்க இதைத்தான் படித்தேன். புரியாத இடங்களில் அந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புவேன். பணி முடிந்த நள்ளிரவிலும் பதில் போடுவார். படித்ததில் என்னை உலுக்கியதை எழுதுகிறேன்.

முதலில் வரத்து. நான் நினைத்ததுபோல ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் லாக்டேட் உண்டாவதில்லை. நன்றாக இருக்கிற மனிதரின் உடம்பிலேயே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1,500 மில்லிமோல் உண்டாகி, அன்றைக்கே தீர்ந்தும் விடுகிறது. கிராமில் சொன்னால் 130-க்கு மேல். தசை, தோல், மூளை, சிவப்பணு எல்லாம் அனுப்புகின்றன. ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையை முழுதாக எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பணுவுக்குக் கிடையவே கிடையாது, அதற்கு வேறு வழியே இல்லை. செப்டிக் ஷாக்கில் அட்ரினலின் (உடம்பே சுரப்பதும், நாம் ஊசியில் கொடுப்பதும்) தசைக்கு "சர்க்கரையை உடை, சீக்கிரம்" என்று உத்தரவு போடுகிறது. தசைச் செல்லின் சோடியம்–பொட்டாசியம் பம்ப் வேகமெடுக்கிறது. சர்க்கரை பாதி உடைந்து வரும் பைருவேட் குவிகிறது. அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடும் நொதி செப்சிஸில் மந்தமாகிவிடுவதால், மிச்சம் லாக்டேட்டாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. அந்த நொதி வேலை செய்யத் தயாமின் வேண்டும், அதாவது பி1 வைட்டமின். தீட்டிய அரிசியே சாப்பிட்டு வாழ்கிற நம் பக்கத்தில் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்குச் சண்டை போடும் வெள்ளையணுக்களும் பாதிக்கப்பட்ட நுரையீரலும் தங்கள் பங்குக்கு அனுப்புகின்றன.

ரத்தம் போய்ச் சேராத உறுப்பில் ஆக்சிஜன் இல்லாமலும் லாக்டேட் உண்டாகிறது, அது நிஜமான ஆபத்து. ஆனால் ரத்தத்தில் கலந்தபின் எது எங்கிருந்து வந்தது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்து மதகு. "கிளியர்" என்ற சொல்லைக் கேட்டு நான் சிறுநீரில் வெளியே போகிறது என்று நினைத்தேன். போவதில்லை, போனாலும் சொற்பம். பாதிக்கு மேல் கல்லீரலும் அதற்கு அடுத்தபடியாகச் சிறுநீரகமும் எடுத்துக்கொள்கின்றன. சிறுநீரகம் அதை வடிகட்டிக் கொட்டுவதில்லை. தானே எரித்துக்கொள்கிறது, இல்லையென்றால் குளுக்கோஸாக மாற்றித் திருப்பித் தருகிறது. கல்லீரலில் இரண்டு லாக்டேட் சேர்ந்து ஒரு குளுக்கோஸ் ஆகிறது, அது மறுபடி தசைக்குப் போகிறது. இதைக் கண்டுபிடித்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது. கணக்கைப் பாருங்கள்: ஒரு குளுக்கோஸை லாக்டேட்டாக உடைத்துத் தசை சம்பாதிப்பது 2 ஏ.டி.பி. (செல்லின் சக்திக் காசு). அதே லாக்டேட்டைத் திரும்பக் குளுக்கோஸாக்கக் கல்லீரல் செலவழிப்பது 6 ஏ.டி.பி. தசை இரண்டு ரூபாய் வாங்கியதற்குக் கல்லீரல் ஆறு ரூபாய் கட்டுகிறது. இது வீண் செலவு இல்லை. ஓட வேண்டிய தசையின் அவசரத்தைக் கல்லீரல் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்த ஆறு ரூபாயைச் சம்பாதிக்கக் கல்லீரலுக்கு ஆக்சிஜனும் ரத்தமும் வேண்டும். ஷாக்கில் குறைவது அதுதான். ஸ்க்ரப் டைஃபஸ் கல்லீரலையும் தொடுகிற நோய். அம்மாவுக்கு மதகும் பாதி அடைத்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இது ஊகமில்லை. 1998-ல் பிரெஞ்சு டாக்டர்கள் ஓரளவு நிலைப்பட்டிருந்த செப்சிஸ் நோயாளிகளுக்கு லாக்டேட்டையே ஊசியில் ஏற்றி, எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று அளந்தார்கள். ரத்தத்தில் லாக்டேட் கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்களுக்கு அது அதிகம் உண்டாகவில்லை, தீர்வதுதான் மந்தமாக இருந்தது.

என்னை ரொம்பவும் தொட்டது இதயத்தைப் பற்றிப் படித்தது. இதயம் லாக்டேட்டை உணவாகச் சாப்பிடுகிறது. ஷாக்கில் இன்னும் அதிகமாகவே. 2007-ல் எலிகளில் ஒரு சோதனை: நச்சு ஏற்றி ஷாக்கில் இருந்த எலிகளுக்கு மருந்து கொடுத்து லாக்டேட்டைக் குறைத்தார்கள். இதயம் சீக்கிரம் தளர்ந்தது, எலிகள் சீக்கிரம் செத்தன. மனிதர்களிடமும் அதற்கு முன்பே, 1992-ல், டைகுளோரோஅசிட்டேட் என்ற மருந்தால் லாக்டேட்டை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். எண் இறங்கியது. பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை.

நான் "கழிவு, கழிவு" என்று மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்த அந்த இரவில், அம்மாவின் இதயம் அதைத் தின்றுதான் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வகுப்பில் சொன்ன இன்னொரு தவறையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். 400 மீட்டர் ஓடி முடித்த ஒரு நல்ல ஓட்டக்காரரின் ரத்தத்தில் லாக்டேட் 15-க்கு மேல் போகும். அம்மாவுக்கு இருந்ததைப்போல இரண்டு மடங்கு. ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், அவர் பாட்டுக்கு எழுந்து வீட்டுக்குப் போவார். மறுநாள் வலிக்கிற காலில் அது மிச்சமே இருக்காது. அந்த வலிக்குக் காரணம் தசைநாரில் விழும் நுண்ணிய காயங்கள். அதுவுமில்லாமல், ரத்தத்தின் பி.எச். 7.4, லாக்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலம் பாதிக்குப் பாதி பிரிந்து நிற்கும் பி.எச்.) 3.86. இந்த இரண்டையும் வைத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போடலாம்: ஒரு மூலக்கூறு அமிலமாக இருந்தால் சுமார் 3,500 லாக்டேட்டாக இருக்கும். அதாவது ரத்தத்தில் அது அமிலமாக இருப்பதே அபூர்வம். தினமும் பி.எச். கணக்கு நடத்துகிற நான் ஒரு தடவையும் இதைப் போட்டுப் பார்க்கவில்லை.

வாசலில் இருப்பவர்களுக்கு

லாக்டேட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1843-ல் ஜெர்மனியில் ஷெரர் என்பவர், பிரசவக் காய்ச்சலில் இறந்துபோன பெண்களின் ரத்தத்தில்தான் முதன்முதலில் அதைக் கண்டார். இன்றைக்கும் அது இறங்காமலே நின்றால் டாக்டர்கள் கவலைப்படுவது நியாயம். 2016-ல் வகுத்த செப்டிக் ஷாக் வரையறையிலேயே அந்த 2 என்ற எண் இருக்கிறது. ஆனால் தொலைத்த பொருளைத் தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தேடுவதுபோல ஒரே வெளிச்சத்தில் நின்றுவிடக் கூடாது. 2019-ல் அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே ஆகிய ஐந்து நாடுகளில், 424 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லாக்டேட் எண்ணைப் பார்த்தும் இன்னொரு பாதிக்கு அந்த விரல் நுனியைப் பார்த்தும் சிகிச்சை கொடுத்தார்கள். 28 நாளில் லாக்டேட் பக்கம் 43.4 சதவீதம் பேர் இறந்தார்கள், விரல் பக்கம் 34.9 சதவீதம். புள்ளியியல் கணக்குப்படி இது உறுதி என்று சொல்ல மயிரிழை குறைகிறது. ஆனாலும் ஒரு கண்ணாடிச் சில்லு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கும் இயந்திரத்துக்குக் குறைந்ததில்லை என்பதே எனக்குப் பெரிய செய்தி. காரணமும் புரிகிறது. ரத்த ஓட்டம் சீரானதும் விரல் நிமிடங்களில் சிவக்கும். லாக்டேட் இறங்கக் கல்லீரல் தேறி வர வேண்டும், அட்ரினலின் அடங்க வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

ஐ.சி.யு.வில் வேலை செய்கிற யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு வேண்டுகோள். எங்களுக்கு எண்ணைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். கூடவே ஒரு நிமிடம் உள்ளே கூப்பிட்டு விரலையும் காட்டுங்கள். படித்தவர், படிக்காதவர், வங்காளத்திலிருந்து வந்தவர் யாராக இருந்தாலும் வெளுத்த விரல் சிவப்பதைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். அன்றைக்கு உள்ளே போய்விட்டு வந்தபிறகுதான் நானும் தம்பியும் மாறி மாறிக் கொஞ்சம் தூங்கினோம். எண் அப்போதும் 7.2 தான்.

விடியற்காலையில் 6.0. அட்ரினலினைக் குறைக்கக் குறைக்க 4.3, அப்புறம் 2.9. நான்காம் நாள் மதியம் 1.7. அந்த டாக்டருக்கு அன்று விடுப்பு. அவரிடம் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. அம்மா கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது மாட்டைப் பற்றி. பக்கத்து வீட்டு அத்தை கறந்து ஊற்றுகிறார் என்றேன். "சொசைட்டிக்கு எவ்ளோ ஊத்துனாங்கன்னு எழுதி வெச்சியா?" என்றார்.

எழுதி வைக்கவில்லை. தை பிறந்து ஒரு வாரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும், அம்மா அந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். என் எண்களைப் பார்த்துவிட்டு, "இதென்ன, ஏழேகால் லிட்டரா? நம்ம மாடு எப்ப ஏழேகால் குடுத்துது?" என்றார். சொன்னேன். பக்கத்தின் பின்புறம் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, 1.7-க்குக் கீழே ஒரு வரி விட்டு, நடுங்குகிற கையால் எழுதினார்: காலை 3, சாயங்காலம் 2½.